ஏறினால் மட்டும் போதுமா?

“அக்கா, மேட்டுல வண்டி செத்துப் போவுது. ஏதாவது செஞ்சே ஆகணும்.”

தம்பி அனுப்பிய குரல் பதிவு இப்படித்தான் தொடங்கியது. காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு, நிலையத்து கேன்டீனில் தே தாரிக்கோடு உட்கார்ந்து கேட்டேன். தம்பி வண்டி ஓட்ட, பக்கத்தில் அப்பா கைப்பேசியைப் பிடித்திருக்கிறார். பின்னணியில் எஞ்சின் முக்கும் சத்தம். அதற்குள் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு மெல்லிய இரைச்சல். ஒலிப்பதிவில் இப்படி இரைச்சல் வந்தால் எங்கே கோளாறு என்று தேடுவது என் பிழைப்பு. அன்று தேடவில்லை. ஜன்னல் காற்று என்று விட்டுவிட்டேன். அந்த இரைச்சலுக்குப் பிறகு வருகிறேன்.

நாங்கள் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அப்பா தேயிலை ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சேமநிதிப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து 2007இல் பதிவான 2.5 லிட்டர் டீசல் பிக்கப் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினார். இப்போது தம்பி அதில் காய்கறிக் கூடைகளை ஏற்றி தாப்பாவுக்கு இறக்குகிறான். திரும்பும்போது உரம், மளிகை, கோழித் தீவனம் என்று கிடைத்ததை ஏற்றி வருகிறான். அந்த வண்டி நின்றால் வீட்டில் அடுப்பு நிற்காது என்றாலும், தங்கை மகளின் டியூஷன் கட்டணம் நிற்கும்.

மலையில் வண்டி என்பது ஆடம்பரம் இல்லை. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது ஒரு பழைய நீராவி ரோலர், சில கோவேறு கழுதைகள், தொழிலாளர்களின் கைகள், இவைதான் இருந்தன என்பார்கள். பிறகு லேண்ட் ரோவர்கள் வந்தன. பிரிஞ்சாங் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்: உங்கள் தாத்தா வயதுள்ள லேண்ட் ரோவர், பின்னால் முட்டைக்கோஸ் மலைபோல் குவிந்திருக்க, இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்து 2.25 லிட்டர் டீசல் லேண்ட் ரோவரின் சக்தி 62 குதிரைத்திறன்தான். எங்கள் பிக்கப்புக்குப் புதிதில் 102. பிறகு ஏன் மேட்டில் மூச்சு வாங்குகிறது?

இந்தக் கேள்வியைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். நானோ தம்பியின் அவசரத்தில் மாட்டிக்கொண்டேன். அவன் அவசரத்துக்கும் காரணம் இருந்தது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து ஒரே நாளில் 3.35 ஆனது நினைவிருக்கும். தகுதி உள்ளவர்களுக்கு அப்போது புடி மடானி திட்டத்தில் மாதம் 200 ரிங்கிட் கொடுத்தார்கள். எங்களுக்கும் வந்தது. ஆனால் தினமும் மலை ஏறி இறங்குகிற வண்டிக்கு அது எத்தனை நாளைக்கு வரும்? “பவர் கூடுனா ஆக்சிலேட்டரை மிதிக்கிறது கொறையும், எண்ணெயும் மிச்சம்” என்றான் தம்பி. இணையத்தில் விற்கும் ஒரு சின்னப் பெட்டியின் படத்தை அனுப்பினான். 650 வெள்ளி. தீபாவளிப் பரிசாக இருக்கட்டும் என்று நானே பணம் கட்டினேன்.

பெட்டியை மாட்டிய முதல் வாரம் வீட்டில் தீபாவளிதான். ரிங்லெட் மேட்டில் வண்டி பறக்கிறது என்றான். இரண்டாம் வாரம் பக்கத்து வீட்டு அத்தை, கொடியில் காயப்போட்ட துணியெல்லாம் கரி படிகிறது என்று அம்மாவிடம் சண்டைக்கு வந்தார். நான்காம் வாரம் அது நடந்தது.

அன்று அப்பாவும் வண்டியில் இருந்தார். பின்னால் ஏறக்குறைய 800 கிலோ காய்கறி. தாப்பா சாலையில் இறங்கும்போது, வண்டிதான் இப்போது வேகமாக ஓடுகிறதே என்று தம்பி நான்காம் கியரிலேயே விட்டிருக்கிறான். வளைவுக்கு வளைவு பிரேக். பாதி வழியில் எரிந்த வாடை. அதற்கு அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. அப்பா கத்தியிருக்கிறார்: “கியரக் கொறடா! மூணு! ரெண்டு!” எஞ்சின் அலற, கைப்பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, சாலையோர ஒதுக்கிடத்தில் வண்டி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கூடைகள் மட்டும் சரிந்தன.

அன்று இரவு அப்பா என்னிடம் கைப்பேசியில் சொன்னது ஒரே வரி. “ஏறத்துக்குப் பணம் குடுத்தியேம்மா, எறங்கறதுக்குக் குடுத்தியா?”

நான் அந்த வாரமே விடுப்பு எடுத்து மலைக்குப் போனேன். மூவரும் வண்டியை பிரிஞ்சாங்கில் எங்களுக்குத் தெரிந்த பட்டறை அண்ணனிடம் கொண்டுபோனோம். முப்பது வருடமாக மலை வண்டிகளோடு வாழ்கிறவர். அவர் முதலில் எதையும் திறக்கவில்லை. தம்பியை வண்டியில் உட்கார வைத்து, மேட்டில் ஒரு சுற்று ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டார். திரும்பி வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“ரேடியோக்காரத் தங்கச்சி, ஒனக்குக் கேக்கலையா?”

கைப்பேசியில் அந்தப் பழைய குரல் பதிவைப் போட்டேன். ‘ஸ்ஸ்ஸ்.’ ஜன்னல் காற்று இல்லை. டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. டர்போ அழுத்தி அனுப்பும் காற்றில் ஒரு பங்கு அந்த வெடிப்பின் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. சும்மா நிற்கும்போது தெரியாது. பாரத்தோடு மேட்டில் மிதித்தால்தான் வாய் திறக்கும்.

அங்கிருந்து அண்ணன் நடத்திய பாடத்தை என் மொழியில் சொல்கிறேன். பழைய டீசல் வண்டி வைத்திருக்கும் யாருக்கும் உதவும்.

டீசல் எஞ்சினுக்கு வேண்டியது காற்றும் எண்ணெயும். எண்ணெயைக் கூட்டுவது சுலபம், காற்றைக் கூட்டுவதுதான் சிரமம். மலையில் அது இன்னும் சிரமம். கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று ஏறத்தாழ 15 விழுக்காடு அடர்த்தி குறைவு. தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர், பிரிஞ்சாங் அதற்கும் மேலே. டர்போ இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும். ஆனால் குழாய் கிழிந்து, ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் எதை வைத்து ஈடுகட்டும்? எங்கள் வண்டியின் ஃபில்டரை எடுத்துத் தரையில் தட்டினார். செம்மண் ஒரு பிடி விழுந்தது.

நான் வாங்கிக் கொடுத்த பெட்டி செய்தது என்ன தெரியுமா? எண்ணெய் அழுத்தத்தை அளக்கும் சென்சாரின் அளவைக் குறைத்துக் காட்டி, எஞ்சின் கணினியை ஏமாற்றுகிறது. “அழுத்தம் போதவில்லை” என்று நம்பி கணினி இன்னும் டீசலை ஊற்றுகிறது. காற்று அதே அளவுதான். எரியாத டீசல்தான் அத்தையின் துணியில் கரியாகப் படிந்தது. புகையாகப் போனதும் நாங்கள் காசு கொடுத்து வாங்கிய எண்ணெய்தான். அதோடு எஞ்சினிலிருந்து வெளியேறும் வாயுவின் வெப்பம் ஏறும். டர்போவும் பிஸ்டனும் அந்தச் சூட்டை நெடுநாள் தாங்காது, பழைய கிளட்ச் அந்த இழுவையைத் தாங்காது. நல்ல நிலையில் உள்ள எஞ்சினில், விவரம் தெரிந்தவர் கையால், காற்றையும் வெப்பத்தையும் அளந்து செய்தால் சக்தியைக் கூட்டலாம். நாங்கள் செய்தது காய்ச்சல்காரனுக்குக் காப்பி கொடுத்து ஓடச் சொன்ன கதை.

புகையின் நிறத்தை அண்ணன் இப்படிப் பிரித்தார். கறுப்பு என்றால் எண்ணெய் அதிகம் அல்லது காற்று குறைவு. நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது ரேடியேட்டர் நீர் உள்ளே கசிகிறது. சக்தி கூட்டும் பொருள் எதையும் வாங்குமுன் இந்த மூன்றையும் பார்த்துவிட வேண்டும். நீலமும் வெள்ளையும் இருந்தால் அந்தப் பணத்தை எஞ்சின் பழுதுக்கு ஒதுக்குங்கள்.

பிறகு வேலை தொடங்கியது. பெட்டியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கிழிந்த குழாய் மாறியது, ஏர் ஃபில்டர் மாறியது. டீசல் ஃபில்டரின் அடியில் தங்கியிருந்த தண்ணீரை வடித்துவிட்டு அதையும் மாற்றினார். நம் டீசலில் பாமாயில் கலப்பு உண்டு. அது குளிரில் தடித்துப்போகும் குணம் உள்ளது. அதனால் மலையில் ஓடும் வண்டியின் டீசல் ஃபில்டரைத் தள்ளிப்போடாமல் மாற்ற வேண்டும் என்றார். இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பினார், ஒன்று ஒழுகியது. புகை திரும்பும் வால்வில் சேர்ந்திருந்த கரியைச் சுரண்டி எடுத்தார். “இத அடைச்சிட்டா பவர் வரும்னு சொல்வானுங்க. அடைக்காத, சுத்தம் பண்ணு” என்பது அவர் கட்சி.

அடுத்து குளிர்விப்பு. மலையில் பருப்பு வேக நேரமாகும் என்று அம்மா சொல்வார். காரணம், அந்த உயரத்தில் தண்ணீர் 95 பாகைக்கே கொதித்துவிடும். ரேடியேட்டரும் அப்படியே. அதன் மூடிதான் உள்ளே அழுத்தத்தைக் காத்து, கொதிநிலையை உயர்த்தி வைக்கிறது. எங்கள் மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தது. தம்பி குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்ததால் உள்ளே துரு. ரேடியேட்டரைக் கழுவி, முறையான குளிர்விப்பு நீர் ஊற்றி, புது மூடி போட்டார். சில பத்து வெள்ளி மூடி, பல ஆயிரம் வெள்ளி எஞ்சினைக் காக்கிறது.

டயரைப் பார்த்ததும் அண்ணன் தலையில் கை வைத்தார். தம்பி அழகுக்காக ஒரு அளவு பெரிய டயர் போட்டிருந்தான். டயரின் விட்டம் 10 விழுக்காடு கூடினால், எல்லா கியரிலும் இழுவை ஏறத்தாழ அதே அளவு குறையும். பிரேக்குக்கும் அதே அளவு கூடுதல் சுமை. சக்தி குறைகிறது என்று அழுதுகொண்டே சக்தியைக் குறைக்கும் பொருளைக் காசு கொடுத்து மாட்டியிருக்கிறோம். பழைய அளவுக்கே மாறினோம். முன்னால் இருந்த இரும்புக் கவசத்தையும் கழற்றினோம். தம்பி அதற்குத்தான் அதிகம் வருத்தப்பட்டான்.

இன்டர்கூலர் போடலாமா என்று கேட்டேன். டர்போ காற்றை அழுத்தும்போது அது சூடாகும், சூடான காற்று மெலிந்திருக்கும். இன்டர்கூலர் அதைக் குளிரவைத்துத் திரும்ப அடர்த்தியாக்கும். இந்தப் பழைய வண்டியில் அது இல்லை. “செய்யலாம். மத்ததெல்லாம் சரியாகி ஆறு மாசம் ஓடட்டும். அப்பவும் போதலைன்னா வா” என்றார். வேலை வேண்டாம் என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் பட்டறைக்காரரை எளிதில் விடாதீர்கள்.

கடைசியில் பிரேக். இங்கேதான் அண்ணன் எங்களை உட்காரவைத்துப் பேசினார். பிறகு நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டியும் சுமையும் சேர்ந்து 2.5 டன். தானா ராத்தாவிலிருந்து தாப்பா வரை சுமார் 60 கிலோமீட்டர் சாலையில் ஏறக்குறைய 1,400 மீட்டர் இறங்குகிறோம். அந்த இறக்கத்தில் வண்டி விடும் ஆற்றல் முழுவதும் வெப்பமானால், 100 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும். கல்யாண வீட்டு அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சின் பிடிக்க வேண்டும், இல்லையேல் கையகல பிரேக் தகடுகள் பிடிக்க வேண்டும். நான்காம் கியரில் இறங்கியபோது தம்பி மொத்த அண்டாவையும் பிரேக் தலையில் கவிழ்த்திருக்கிறான்.

பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகை எண்ணெய் புதிதில் குறைந்தது 205 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 140 பாகை வரை இறங்கிவிடலாம். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. குமிழி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. பெடல் பஞ்சானதன் காரணம் அதுதான். எங்கள் வண்டியில் அந்த எண்ணெய் எப்போது மாறியது என்று அப்பாவுக்கும் நினைவில்லை. தேநீர் நிறத்தில் இருந்தது. எண்ணெயை டாட் 4க்கு மாற்றி, முன்பக்கத் தகடுகளைப் புதுப்பித்து, பின்பக்க டிரம்மைத் திறந்து சரிசெய்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றச் சொன்னார். ஏறும்போது எந்தக் கியர் வேண்டியிருக்கிறதோ அதே கியரில் இறங்கு, செங்குத்தாக இருந்தால் இன்னும் ஒன்று குறை என்றார். பொதுவாக டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சின் அளவுக்கு வண்டியைப் பிடித்து இழுக்காது. அதனால் கியரை முன்கூட்டியே குறைக்க வேண்டும், வேகம் பிடித்த பிறகு அல்ல.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. 2010 டிசம்பர் 20ஆம் தேதி சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கிய சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து, தாய்லாந்துப் பயணிகள் உட்பட 25க்கும் மேற்பட்டோர் மாண்டதை மலைவாசிகள் மறக்கவில்லை. அந்தச் செய்தி வந்த நாளில் அப்பா சாப்பிடாமல் படுத்தது எனக்கு நினைவிருக்கிறது. அதே அப்பாவைத்தான் என் பரிசு ஒரு வளைவில் தவிக்க வைத்தது.

இளைஞர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. எஞ்சினை மாற்றுவது, வண்டியின் அமைப்பை மாற்றுவது போன்றவற்றுக்கு சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். கரும்புகைக்கு 1996ஆம் ஆண்டு முதலே சுற்றுச்சூழல் விதிகள் உண்டு, பிடித்தால் அபராதம். மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லாமல் விட்டால் இழப்பீட்டு நேரத்தில் சிக்கல் வரும். புகைக்குழாயைக் கழற்றிவிட்டு வரும் சத்தம் சக்தி இல்லை. சத்தத்தோடு பிழைப்பு நடத்துகிறவள் சொல்கிறேன், நம்புங்கள்.

மொத்தச் செலவு 2,100 ரிங்கிட்டைத் தொட்டது. இன்ஜெக்டரும் டயரும்தான் பெரிய தொகை, மற்றவை சில்லறை. பாதியை நான் கொடுத்தேன். பலன் என்ன? ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் நேரத்தை நான் பாட்டுக் கணக்கில் அளப்பேன். பழைய நிலையில் பாரத்தோடு ஆறு பாட்டு. பெட்டி இருந்தபோது ஐந்து. இப்போது ஐந்தரை. பெட்டியின் வேகம் இல்லை, ஆனால் கரும்புகை இல்லை. 100 கிலோமீட்டருக்கு 13 லிட்டர் குடித்த வண்டி இப்போது 11க்கு வந்திருக்கிறது. தம்பி ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு முறையும் எழுதுகிறான். அது அண்ணன் போட்ட கட்டளை: “எழுதாம எனக்கு போன் பண்ணாத.”

வண்டி எடுத்த அன்று நானும் கூடவே தாப்பாவுக்கு இறங்கினேன். அப்பா முன்னால், நான் பின்னிருக்கையில். முதல் வளைவுக்கு முன்பே தம்பி மூன்றாம் கியருக்கு வந்தான். செங்குத்தில் இரண்டு. எஞ்சின் ‘ம்ம்ம்’ என்று பிடித்துக்கொண்டே வந்தது. பின்னால் வந்த கார்கள் பொறுமையிழந்து ஹாரன் அடித்தன. தம்பி ஒதுங்கி வழிவிட்டான். அப்பா ஒருமுறைகூட கைப்பிடியைப் பிடிக்கவில்லை. லாத்தா இஸ்கண்டார் அருவி வரும்போது தூங்கியே போய்விட்டார்.

அந்தப் பெட்டி இப்போது என் மேசை டிராயரில் இருக்கிறது. இணையத்தில் விற்றுவிடலாம் என்று தம்பி சொன்னான். வேறொரு வீட்டு அப்பாவின் வண்டிக்குப் போய்விடும் என்பதால் விற்கவில்லை.

இந்த வாரம் உங்கள் வண்டியின் முன்மூடியைத் திறந்து பிரேக் எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். தேநீர் நிறம் என்றால், அடுத்த மலைப் பயணத்துக்கு முன் பட்டறைக்குப் போய்விடுங்கள். தேநீரை மேலே வந்து குடித்துக்கொள்ளலாம்.